அளவறிந்து உரைத்த ஆசான் கோகலே

மிதவாதி என்னும் சொல் நம் நாட்டு அரசியலில் நெடுங்காலம் ஏளனச் சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. அஞ்சுபவர், ஆட்சியாளரை அண்டி நிற்பவர், துணிந்து ஒரு முடிவுக்கு வர மாட்டாதவர் என்னும் பொருள்களையெல்லாம் அச்சொல்லின் மேல் ஏற்றிவிட்டனர். இன்றும் வீட்டுத் திண்ணையிலும் கூட்ட மேடையிலும் உரத்துப் பேசுவோர்க்குக் கிடைக்கும் செவி, நிதானித்துப் பேசுவோர்க்குக் கிடைப்பதில்லை. இந்நிலையில், மிதவாதிகளின் தலைவர் என்றே வரலாறு குறித்து வைத்துள்ள கோபால கிருஷ்ண கோகலே அவர்களின் வாழ்க்கையை நம் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு முறையேனும் கருத்தூன்றிப் படித்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

மிதம் என்பதற்கு அளவு என்பது பொருள். அளவு காத்து நின்ற அப்பெருமகனார் கோழையாக இருந்தாரா, அவ்வளவினால் நாட்டுக்கு விளைந்த பயன் யாது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பனவற்றை இனிக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மராட்டிய நாட்டின் இரத்தினகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1866 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் நாள் கோகலே பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ் எளிய நிலையில் இருந்தவர். மகனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, 1879 இல் அவர் காலமானார். குடும்பம் நிலைகுலைந்தது. மூத்த மகன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் வேலைக்குச் சென்றார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய 7 ரூபாயில் குடும்பத்தைத் தாங்கினார். தம்பி படிக்கத் தமையன் தன் படிப்பைத் துறக்கும் குடும்பங்களை நம் ஊர்களிலும் கண்டிருக்கின்றோம். அத்தகைய தியாகத்தின் அருமை உணர்ந்தவர் ஒரு காசையும் வீணாக்கார். கோகலேயும் விளக்குக்கு எண்ணெய் வாங்கும் செலவை மிச்சப்படுத்தத் தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்தார் என்பர். கோலாப்பூரிலும் புனேயிலும் பயின்று, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884 இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டு.

அவருடைய பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஆசிரியர் கொடுத்த கணக்குகளை எல்லாம் சரியாகச் செய்து வந்த சிறுவனுக்கு வகுப்பில் பாராட்டுக் கிடைத்ததாம். சிறுவனோ அழலானான். ஒரு கணக்கைப் பிறர் உதவியால் செய்தமையால் அப்பாராட்டுத் தனக்கு உரியதன்று என்றானாம். நாம் பணியில் இருந்த ஆண்டுகளில் இக்கதையை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கின்றோம். இது நடந்த நிகழ்ச்சியோ, பின்னால் புனைந்து சேர்த்ததோ, கோகலே வளர்ந்து ஆளான பின் செய்த ஒரு செயல் இக்கதையைக் காட்டிலும் பெரியது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஆசிரியப் பணி

அரசாங்க உத்தியோகமும் வழக்கறிஞர் தொழிலும் கைநிறையப் பொருள் தந்த காலம் அது. கோகலே அவ்விரண்டையும் நாடாது, 1885 இல் புனே நகரின் நியூ இங்கிலிஷ் ஸ்கூலில் மாதம் 35 ரூபாய் ஊதியத்தில் துணையாசிரியராக அமர்ந்தார். பின்னர்த் தக்காணக் கல்விக் கழகத்தின் ஆயுள் உறுப்பினராகிப் பெர்குசன் கல்லூரியில் பேராசிரியரானார். கணிதம், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் என எப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லையோ அப்பாடம் அவரைத் தேடி வரும். வந்த பாடத்தை மறுக்காமல் தாமே முதலில் கற்று, பிறகே கற்பிப்பார். அவர் எழுதிய எண்கணித நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு நாடெங்கும் பள்ளிகளில் வழங்கியது.

கணக்கு ஆசிரியர்க்கு ஒரு பழக்கம் படியும். விடை சரியாக இருந்தாலும் வழி பிழையாயின் அதனை ஒப்புக்கொள்ளார். இருபடி தாண்டி மூன்றாம் படிக்குப் போகவும் விடார். கோகலே அரசியலுக்கு வந்தபோது இப்பழக்கத்தையும் உடன் கொண்டு வந்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

இப்பழக்கத்தை அவரிடம் முதிர்வித்தவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே. அவரைக் குருவாகக் கொண்டு, புனே சார்வஜனிக சபையின் செயலாளராகவும் அதன் காலாண்டிதழின் ஆசிரியராகவும் கோகலே பணியாற்றினார். அரசின் அறிக்கைகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுத்த பின்னரே எழுத வேண்டும் என்பது ரானடேயின் கட்டளை. 1901 சனவரியில் ரானடே மறையும் வரை இப்பயிற்சி நீடித்தது.

சமய வழக்குகளில் நிதானம்

அக்காலத்துப் புனே நகரம் சீர்திருத்தக்காரர் என்றும் வைதிகர் என்றும் இரு பிரிவாகப் பிளந்து கிடந்தது. கோகலேயின் நண்பர் அகர்கர் 1888 இல் 'சுதாரக்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பகுதியைக் கோகலே ஏற்று நடத்தினார். பெண் மக்களின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891 இல் வந்தபோது, அது சமயத்தில் அரசு தலையிடுவதாகும் எனத் திலகர் பெருமான் எதிர்த்தார். பச்சிளம் பெண்களைக் காக்க அச்சட்டம் வேண்டும் எனக் கோகலே ஆதரித்தார். ஒரே பள்ளியிலும் கல்லூரியிலும் தோளோடு தோள் நின்ற இருவர் வழி பிரிந்தனர்.

1895 இல் காங்கிரஸ் மகாசபை புனேயில் கூடியது. மகாசபை முடிந்த பின் அதே பந்தலில் சமூகச் சீர்திருத்த மாநாட்டை நடத்துவது வழக்கம். அவ்வாண்டில் வைதிகர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ரானடே பந்தலுக்காக வழக்காடவில்லை. மாநாட்டை வேறிடத்துக்கு மாற்றி நடத்தினார். சீர்திருத்தத்தை விட்டுக்கொடுத்தாரில்லை, இடத்தை மட்டுமே விட்டுக்கொடுத்தார். எதனை விடலாம், எதனை விடலாகாது என்று பகுத்தறியும் இப்பாடத்தைக் கோகலே அருகிருந்து கற்றார்.

மன்னிப்பும் மாண்பும்

இனி, முன்னர்க் குறித்த அச்செயலுக்கு வருவோம். இந்திய அரசின் செலவுகளை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் சான்றுரைக்க 1897 இல் கோகலே இலண்டன் சென்றார். வயது முப்பத்தொன்றை எட்டும் நிலையில் இருந்த அவ்விளைஞர், ஆணையத்தினரின் குறுக்கு விசாரணைக்கு எண்களைக் கொண்டே விடையளித்து மதிப்புப் பெற்றார்.

அந்நாளில் புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தது. நோயாளிகளைத் தேடும் பணியில் ஆங்கிலேயப் படைவீரர் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் வீடுவீடாக நுழைந்து, அடுக்களை, பூசையறை என்று பாராது சோதித்தனர். மக்கள் உள்ளம் கொதித்தது. ஜூன் 22 ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். இச்சமயத்தில் புனே நண்பர்களிடமிருந்து கோகலேக்குக் கடிதங்கள் வந்தன. படைவீரர் இரு பெண்களைக் கெடுத்தனர் என்றும் அவருள் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும் அவற்றில் கண்டிருந்தது. உள்ளம் பதைத்த கோகலே அச்செய்தியை 'மான்செஸ்டர் கார்டியன்' இதழின் வாயிலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் பெரும் பரபரப்பு எழுந்தது. அரசு மறுத்து, சான்று கேட்டது.

தாயகம் திரும்பிய கோகலே, எழுதிய நண்பர்களை நாடினார். புனேயிலோ அச்சம் சூழ்ந்திருந்தது. திலகர் சிறைப்பட்டிருந்தார். தம் பெயரை வெளியிட வேண்டா என நண்பர்கள் மன்றாடினர். சான்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கோகலேயின் முன் இரு வழிகள் இருந்தன. நண்பர்களின் பெயரைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ளலாம்; அன்றேல், குற்றச்சாட்டைப் பிடிவாதமாக நிலைநிறுத்தி மக்களிடம் வீரர் என்று பெயர் பெறலாம். இரண்டையும் அவர் விலக்கினார். மெய்ப்பிக்க இயலாத ஒன்றை உலகின் முன் உரைத்தது தம் பிழை என்று ஏற்று, ஆளுநரிடமும் பிளேக் குழுவினரிடமும் படைவீரரிடமும் நிபந்தனையின்றி வருத்தம் தெரிவித்து 1897 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டார். நண்பர் ஒருவரையும் காட்டிக் கொடுத்தாரில்லை.

அதன் விளைவு கடுமையாக இருந்தது. ஆங்கிலேயர் அவரைப் பொய்யர் என்றனர். நம்மவர் அவரைக் கோழை என்றனர். அதே ஆண்டில் திலகர் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை ஏற்று மக்களின் தெய்வமானார். கோகலேயோ தலைகுனிந்து நின்றார். அவர் தனியறையில் ஒடுங்கிவிடவில்லை. பிளேக் தடுப்புப் பணியில் தொண்டராகச் சேர்ந்து, நோய் கண்ட தெருக்களில் இறங்கி உழைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1899 இல், பம்பாய்ச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்தோறும் எம் ஆசிரிய வாழ்வு நினைவுக்கு வரும். செய்யாத குற்றத்துக்கு ஒரு மாணவனைக் கண்டித்துவிட்டு, உண்மை தெரிந்த பின்னும், வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தால் மதிப்புக் குறையுமோ எனத் தயங்கி வாளாவிருந்த நாள்கள் எமக்கும் உண்டு. நாற்பது பிள்ளைகள் முன் எமக்கு வாராத துணிவு, இரு நாட்டு மக்கள் முன் அவருக்கு வந்தது. இதனைக் கோழைமை எனல் தகுமோ?

உப்பும் வரியும்

கோகலே அடங்கிப் போகும் இயல்பினர் என எண்ணுதல் தவறு. உழவர் தம் நிலத்தை விற்கவும் ஈடு வைக்கவும் உள்ள உரிமையைக் குறைக்கும் மசோதா 1901 இல் பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோது, பெரோஸ்ஷா மேத்தாவுடன் அவரும் வெளிநடப்புச் செய்தார். வேண்டும் இடத்தில் எழுந்து செல்லவும் அவர் அறிந்திருந்தார்.

கல்லூரிப் பணியிலிருந்து விடைபெற்று, வைசிராயின் சட்டசபையில் அமர்ந்த அவர், 1902 மார்ச்சு 26 ஆம் நாள் தம் முதல் வரவு செலவு உரையை நிகழ்த்தினார். அரசு தன் கணக்கில் மிச்சம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மிச்சம் நாட்டின் செழிப்பைக் காட்டுவதன்று, ஏழைகளிடம் தேவைக்கு மேல் தண்டிய வரியின் அடையாளம் என அவர் அரசின் எண்களைக் கொண்டே மெய்ப்பித்தார். கர்சன் பிரபுவின் அவையில் ஒருவர் இவ்வாறு பேசியது நாட்டையே நிமிர்ந்து உட்காரச் செய்தது.

அந்நாளில் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய். அது 1903 இல் இரண்டு ரூபாயாகவும் 1905 இல் ஒன்றரை ரூபாயாகவும் 1907 இல் ஒரு ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. வருமான வரிக்கு உட்படாத தொகையின் வரம்பும் 1903 இல் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இக்குறைப்புகளுக்குக் காரணம் பலவாயினும், ஆண்டுதோறும் சலியாது அவற்றைக் கேட்டு நின்ற குரல் கோகலேயினுடையது. ஒரு கூட்டத்தில் எழும் கைதட்டல் அன்றிரவே அடங்கிவிடும். ஏழையின் அடுக்களையில் உப்பின் விலை குறைந்தால் அதன் பயன் நாள்தோறும் தொடரும்.

இந்திய ஊழியர் சங்கம்

1905 ஜூன் 12 ஆம் நாள் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை அவர் நிறுவினார். இல்லறத்தில் இருந்துகொண்டே துறவியின் உள்ளத்தோடு நாட்டுக்கு உழைப்பவரை உருவாக்குவது அதன் நோக்கம். சேர்பவர் ஏழு உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். நாட்டையே முதலாக எண்ணல், சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதல், தமக்கெனப் பொருள் தேடாமை, தூய தனிவாழ்வு என்பவற்றோடு, எவருடனும் சொந்தப் பூசல் கொள்ளாமையும் அவற்றுள் ஒன்று. கொள்கைக்காக வாதிடலாம், ஆளைப் பகைத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. 1907 இல் இச்சங்கத்தில் சேர்ந்து, கோகலேக்குப் பின் அதன் தலைவரானவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர்.

அதே 1905 இன் இறுதியில் காசியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குக் கோகலே தலைமை தாங்கினார். வங்கப் பிரிவினையைக் கண்டித்துக் கர்சனின் ஆட்சியை வன்மையாகச் சாடினார், சுதேசியத்தை வாழ்த்தினார். ஆயினும் பகைமையை வளர்க்கும் பேச்சை அவர் விரும்பவில்லை. 1907 இல் சூரத்தில் மகாசபை நாற்காலிகள் பறக்கப் பிளந்தது. 1908 இல் திலகர் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டபோது, அதற்குக் காரணம் கோகலே என்னும் அபாண்டம் புனேயில் பரவியது. அரசின் ஒற்றரோ அவருடைய சங்கத்தையே ஐயுற்றுக் கண்காணித்தனர். நடுவில் நிற்பவருக்கு இருபுறத்தும் அடி விழும் என்பது அவர் வாழ்வில் மெய்யாயிற்று.

தோற்ற மசோதா

ஆசிரியரான எமக்கு அவர் செயல்களுள் மிக நெருக்கமானது 1911 மார்ச்சில் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வி மசோதா. நாடெங்கும் ஒரே நாளில் கட்டாயக் கல்வி என்று அவர் கேட்கவில்லை. விரும்பும் நகராட்சிகளும் மாவட்டக் கழகங்களும் அரசின் இசைவுடன் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். பின்னர்ச் சிறுமியர்க்கும் விரிவாக்கலாம் என்ற அளவோடு நின்றார். அவ்வளவு எளிய மசோதாவையும் அவை ஏற்கவில்லை. 1912 மார்ச்சில் 38 வாக்குகள் எதிராகவும் 13 வாக்குகள் ஆதரவாகவும் விழுந்தன.

தோல்வி உறுதி என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். தம் தலைமுறை தோல்விகளாலேயே நாட்டுக்குத் தொண்டு செய்ய விதிக்கப்பட்டது என்ற தெளிவோடு பேசி அமர்ந்தார். ஆறே ஆண்டுகளில், 1918 இல், பம்பாய் மாகாணத்திலும் 1920 இல் நம் சென்னை மாகாணத்திலும் அத்தகைய சட்டங்கள் வந்தன. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2009 இல் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. ஆசிரியர் விதைத்த விதையின் விளைவை ஆசிரியர் காண்பது அரிது.

கடல் கடந்த தமிழருக்காக

நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் தமிழர் மிகப் பலர். அந்நாட்டுக்கு ஆளனுப்புவதைத் தடுக்கும் தீர்மானத்தைக் கோகலே 1910 இல் வைசிராயின் அவையில் நிறைவேற்றச் செய்தார். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டும். பெண்களும் அதற்கு விலக்கில்லை. நீரிழிவு நோயால் மெலிந்திருந்த கோகலே 1912 இல் தென்னாப்பிரிக்கா சென்றார். காந்தியடிகள் நிழல்போல் உடன் இருந்து பணிவிடை செய்தார். அமைச்சர்களைச் சந்தித்த கோகலே, வரி நீங்கும் என்னும் நம்பிக்கையோடு திரும்பினார். அந்நம்பிக்கையை அந்நாட்டு அரசு காக்கவில்லை. 1913 இல் சத்தியாக்கிரகம் மூண்டது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். கோகலே தாயகத்தில் நோயையும் பொருட்படுத்தாது நிதி திரட்டி அனுப்பினார். 1914 இல் அவ்வரி நீக்கப்பட்டது.

பேச்சுவார்த்தை மட்டும் போதாது, தியாகமும் வேண்டும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. தியாகம் பயன்பெறப் பேசி முடிக்கும் மதிநுட்பமும் வேண்டும் என்பதையும் அதுவே காட்டுகிறது. அடிகள் கோகலேயைத் தம் அரசியல் குருவாக இறுதிவரை போற்றியதன் காரணம் இதில் விளங்கும்.

நிறைவு

கோகலே குறையே இல்லாதவர் என நாம் கூறவில்லை. ஆங்கிலேயரின் நீதியுணர்வில் அவர் வைத்த நம்பிக்கை பலமுறை பொய்த்தது. முஸ்லிம் மக்களின் அச்சத்தைப் போக்க எண்ணித் தனித்தொகுதி முறையை அவர் ஏற்றது தவறு என்பாரும் உண்டு. திலகர் மீண்டும் மகாசபைக்குள் வரும் முயற்சியில் அவரால் முழு மனத்தோடு இணங்க இயலவில்லை. 1916 இல் இலக்னோவில் இரு பிரிவும் ஒன்றுபட்டபோது அதனைக் காண அவர் உயிரோடில்லை.

1914 இல் அரசு அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை அவர் ஏற்க மறுத்தார். 1915 சனவரியில் தாயகம் திரும்பிய காந்தியடிகளிடம், ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்த பின்னரே பொதுப் பிரச்சினைகளைப் பற்றிப் பேச வேண்டும் என அறிவுறுத்தினார். கண்டறிந்த பின் பேசு என்னும் இது, 1897 இல் தாம் பெற்ற புண்ணிலிருந்து அவர் வழங்கிய மருந்து போலும்! பிப்ரவரி 19 ஆம் நாள் அவர் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். வாழ்நாளெல்லாம் எதிரணியில் நின்ற திலகர் சிங்ககடத்திலிருந்து விரைந்து வந்து, சுடுகாட்டில் நின்று அவரைப் புகழ்ந்து, அவரைப் போல் வாழ முயலுமாறு மக்களை வேண்டினார். எவருடனும் சொந்தப் பூசல் கொள்ளாமை என்ற உறுதிமொழிக்குக் கிடைத்த சான்று அது.

மெய்ப்பிக்க இயலாததைச் சொல்லாமை, சொல்லிவிட்டால் பிழையை ஒப்புதல், கொள்கையில் எதிர்ப்பவரை மனிதராக மதித்தல், பெரும்பயனுக்காகச் சிறிது சிறிதாக உழைத்தல் என்னும் இந்நான்குமே கோகலேயின் மிதவாதம். நாட்டை ஆள்வோர்க்கு மட்டுமன்றி, ஊர்ப் பொதுக்காரியம் பார்ப்போர்க்கும், சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவோர்க்கும், வீட்டில் பிள்ளைகளைக் கண்டிப்போர்க்கும் இவை பொருந்தும். அடுத்த முறை சினம் நாவின் நுனிக்கு வரும்போது, புனேயின் அக்கணக்கு ஆசிரியரை ஒரு கணம் நினைப்போமாக. அளவறிந்து உரைத்த அப்பெருந்தகையின் புகழ் வாழ்க!